வெண்பன்றியும் ஒன்பதாம் வகுப்பும்

நீடாமங்கலம் ரயிலடியில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் சற்றுத் தொலைவில் நெல்வயல் வந்துவிடும். வெண்ணாறு இவ்வூருக்கு அருகேதான் பிரிந்து, கோரையாறும் பாமணியாறும் தனித்தனி வழி பிடித்துக் கீழ்த்தஞ்சைக்குள் இறங்குகின்றன. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் கால்நடை என்று சொன்னால் உம்பளச்சேரி மாட்டைச் சொல்வார்கள், ஆட்டைச் சொல்வார்கள், அறுவடை முடிந்த வயலில் இறங்கும் வாத்துக்கூட்டத்தைச் சொல்வார்கள். பன்றி என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். ஒன்றிரண்டு பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் வீட்டில் பன்றி இருக்கிறது.

9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்குப் பன்றி வளர்ப்பையும் அதைச் சுற்றியுள்ள வேலைகளையும் பள்ளியிலேயே அறிமுகம் செய்யலாமா, செய்தால் எங்கிருந்து தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமாக இல்லாமல் வகுப்பில் உள்ள எல்லாருக்கும் செய்ய வேண்டும். அறிவியலாகவும் கணக்காகவும் செய்ய வேண்டும். ஆனால் பள்ளி வளாகத்துக்குள் பன்றியைக் கொண்டுவரக் கூடாது. இந்த மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

பன்றி இந்தக் காவிரி நாட்டுக்குப் புதிய விலங்கு இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியில் உறைகிணறுகளுக்கு நடுவே குட்டிகளோடு திரியும் பன்றிகளும் பலவகைக் கோழிகளும் வருகின்றன. அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படை இன்னும் நுட்பமான செய்தி தருகிறது. கள் சமைக்கும் வீடுகளில் ஆண் பன்றியைப் பெண் பன்றியோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல் இடித்த மாவைக் கொடுத்துப் பல நாள் வளர்த்துக் கொழுக்க வைத்தார்கள் என்கிறது அந்த நூல். அடைத்து வளர்ப்பது, இனச்சேர்க்கையைத் தடுப்பது, தானிய மாவு கொடுத்து எடை ஏற்றுவது ஆகிய மூன்றும் இன்றைய பண்ணைப் பாடத்திலும் உண்டு. தெருவில் திரிந்து கிடைத்ததைத் தின்னும் பன்றிதான் தமிழர் அறிந்த ஒரே பன்றி என்று நினைப்பது சரியில்லை.

பிறகு பன்றி சாக்கடையோரத்துக்குத் தள்ளப்பட்டது. அதை வளர்த்தவர்களும் கூடவே தள்ளப்பட்டார்கள். டெல்டா நகரங்களில் இன்று பன்றி வைத்திருப்பவர்களில் பலர் நிலமில்லாதவர்கள், துப்புரவு வேலையோடு சாதியால் கட்டிப்போடப்பட்டவர்கள். கொட்டில் போட இடமில்லை, தீவனம் வாங்கப் பணமில்லை. எனவே பன்றியைக் காலையில் அவிழ்த்துவிடுகிறார்கள். அது குப்பைமேட்டை மேய்கிறது. நகராட்சி பிடித்துப்போகிறது, சண்டை வருகிறது, செய்தித்தாளில் பன்றித் தொல்லை என்று நாலு வரி வருகிறது. தொல்லை என்று எழுதுகிறவர்கள் இடம் ஒதுக்குவதைப் பற்றி எழுதுவதில்லை.

உணவும் சாதியும் இந்த ஊரில் எப்படிப் பிணைந்து கிடந்தன என்பதற்கு வரலாறே சாட்சி. 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் அரசியல் மாநாட்டில் மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து உண்டதற்காகத் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் அடிக்கப்பட்டார்கள், மொட்டையடிக்கப்பட்டார்கள், சாணிப்பால் கொடுமைக்கு ஆளானார்கள். திராவிட இயக்க ஏடுகள் அந்தக் கொடுமையை நாடறியச் செய்தன. அந்த நினைவுள்ள ஊரில் ஒரு பள்ளி, பன்றி வளர்ப்பைக் கற்றுத் தருகிறோம் என்று சொல்லி, அது இன்ன சாதிப் பிள்ளைகளுக்கு ஏற்ற தொழில் என்று பிரித்துக் கூப்பிட்டால், பழைய கொடுமைக்குப் புதிய சட்டை மாட்டிவிட்டதாகத்தான் ஆகும். எல்லாருக்கும் ஒரே பாடம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கணக்குப் பாடத்தில் வட்டி வருவதுபோல, அறிவியலில் தேனீ வருவதுபோலப் பன்றியும் வர வேண்டும். தமிழ்நாட்டின் 9ஆம் வகுப்பு அறிவியலில் பொருளாதார உயிரியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. மாடு, மீன், தேனீ, மண்புழு எல்லாம் பிழைப்பாக மாறும் விதத்தை அது சொல்கிறது. ஆசிரியர் மனம்வைத்தால் பன்றியை அங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். தனிப் பாடநூலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலவரத்தையும் மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. 2019இல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90.6 இலட்சம் பன்றிகள். 2012இல் இருந்ததைவிட 12 விழுக்காடு குறைவு. அசாமில் மட்டும் 21 இலட்சம். வடகிழக்கு மாநிலங்களை மொத்தமாகச் சேர்த்தால் நாட்டின் பன்றிகளில் ஏறத்தாழப் பாதி. தமிழ்நாட்டில் 2012இல் 1.84 இலட்சமாக இருந்தது 2019இல் சுமார் 67 ஆயிரமாக இறங்கிவிட்டது. ஒரு கோடியை நெருங்கும் வெள்ளாடுகள் உள்ள மாநிலத்தில் இது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆகவே பன்றி வளர்த்தால் பணம் கொட்டும் என்று சொல்லும் யூடியூப் காணொளிகளின் குரலில் பள்ளி பேசக் கூடாது. தெருப்பன்றி குறைகிறது, அடைத்து வளர்க்கும் வெண்பன்றிப் பண்ணைகள் ஆங்காங்கே எழுகின்றன. தொழில் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அதை அறிவோடு பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் தேவைப்படுகிறார்கள்.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலான பயிற்சிகள் இனங்களின் பட்டியலிலிருந்து தொடங்குகின்றன. லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ், டியூராக் என்று பெயர் சொல்லிப் படம் காட்டுவார்கள். நீடாமங்கலத்துப் பிள்ளைகளுக்கு நோயிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். நெல்வயலும் நீர்ப்பறவையும் கொசுவும் மனிதனும் பன்றியும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருப்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டக்கூடிய இடம் வேறெங்கும் எளிதில் அமையாது.

மூளைக்காய்ச்சலில் ஒருவகை ஜப்பானிய மூளையழற்சி. இந்தியாவில் இந்நோய் மனிதர்களிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான்: 1955, வேலூர். இதன் வைரஸ் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் தங்குகிறது. நெல்வயலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு பறவையைக் கடித்துப் பின்னர் பன்றியைக் கடிக்கிறது. பன்றியின் இரத்தத்தில் வைரஸ் பல்கிப் பெருகுகிறது. வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. சினைப்பன்றியானால் கரு கலையும், செத்த குட்டி பிறக்கும். அந்தப் பன்றியைக் கடித்த கொசு பிள்ளைகளைக் கடிக்கும்போதுதான் ஆபத்து. மனிதனிடமிருந்து கொசு மறுபடியும் வைரஸை எடுத்துப் பரப்ப முடியாது. சங்கிலி அவனோடு முடிகிறது, சில நேரம் அவன் உயிரையும் முடித்துவிடுகிறது.

இப்போது இந்த ஊரின் வரைபடத்தை வகுப்பில் விரித்துப் பாருங்கள். நீடாமங்கலம் வட்டாரத்திலேயே வடுவூர் ஏரி. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. சுற்றிலும் சம்பா, தாளடி வயல்கள். வடகிழக்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீர். இதன் நடுவே பன்றிக் கொட்டிலை எங்கே வைக்கலாம், குடியிருப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், கொசுவலை எந்த மாதம் அவசியம் என்று கேட்டால் மாணவர்கள் பூகோளமும் விலங்கியலும் பொதுச் சுகாதாரமும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது தண்ணீரைச் சேமிக்கும் முறை என்று அவர்கள் அப்பாக்கள் அறிவார்கள். தண்ணீர் வற்றும் அந்த நாட்களில் கொசுப் புழுக்களும் செத்துப்போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பன்றிப் பாடம் நெல் பாடமாகவும் ஆகிவிடும்.

இரண்டாவது சங்கிலி நாடாப்புழுவினுடையது. இதை ஆசிரியர்கள் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். நாடாப்புழு மனிதக் குடலில் வாழ்கிறது. அதன் முட்டை மலத்தோடு வெளியேறுகிறது. வெளியில் மலம் கழிக்கும் இடத்தில் திரியும் பன்றி அதைத் தின்கிறது. முட்டை பொரிந்து பன்றியின் தசையில் கட்டியாகத் தங்குகிறது. அரைவேக்காட்டு இறைச்சியைத் தின்பவர் குடலில் மறுபடியும் நாடாப்புழு வளர்கிறது. இதுவரை பலருக்குத் தெரியும். தெரியாத பாதி இனிமேல்தான். புழு உள்ளவரின் கை வழியாகவோ, கழுவாத கீரை வழியாகவோ அந்த முட்டை இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், கட்டி அவர் மூளையில் தங்கலாம், வலிப்பு வரலாம். வாழ்நாளில் பன்றியிறைச்சியைத் தொடாத சைவருக்கும் இது வரும். ஆக, குற்றவாளி பன்றி இல்லை. கழிப்பறை இல்லாத ஊரின் நோயைப் பன்றி சுமக்கிறது. வீட்டுக்கு வீடு கழிப்பறை, பன்றிக்குக் கொட்டில், இறைச்சியை நன்றாக வேகவைப்பது என்று மூன்றும் இருந்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். 14 வயதுப் பிள்ளைக்கு இதைப் புரியவைத்துவிட்டால், பன்றி அசிங்கம் என்ற சொல் அவன் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வராது.

பன்றி உண்மையில் இடம் பிரித்துப் புழங்கும் விலங்கு. போதுமான இடம் கொடுத்தால் படுக்க ஒரு மூலை, கழிக்க ஒரு மூலை என்று தானே வகுத்துக்கொள்ளும். சேற்றில் புரள்வதற்குக் காரணம் உடம்புச் சூடு: வேர்த்து உடலைக் குளிர்விக்கும் திறன் அதற்கு இல்லை. தஞ்சை வெயிலில் வெண்பன்றியின் தோல் வெந்துபோகும். சித்திரை, வைகாசியில் கொட்டிலில் தண்ணீர் தெளிக்காவிட்டால் தீனி எடுப்பது குறையும், கிடாக்கள் சோர்ந்துபோகும். தண்ணீர் கிடைத்தால் சேற்றைத் தேடும் தேவை குறையும்.

மூன்றாவது நோய் மனிதனைத் தொடாதது, ஆனால் பண்ணையைத் துடைத்துவிடுவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2018இல் சீனாவுக்குள் நுழைந்து உலகின் மிகப் பெரிய பன்றிக் கூட்டத்தைக் குலைத்தது. 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் வெடித்தது. 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்தது. கேரளம் வெளிமாநிலப் பன்றிகளுக்குத் தற்காலிகமாகக் கதவடைத்தது. நீலகிரிக் காடுகளில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. தொற்றிய பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை எல்லாம் அழிக்க வேண்டும் என்பது விதி. சிகிச்சை கிடையாது. உறைந்த இறைச்சியிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் வைரஸ் நெடுநாள் உயிரோடு இருக்கும். அதனால் உணவகக் கழிவைக் கொதிக்க வைக்காமல் கொடுப்பது எமனை வீட்டுக்குக் கூப்பிடுவது. பழைய பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, அதையும் பலர் போடுவதில்லை. ஏறத்தாழ ஒரே பெயரில் அழைக்கப்படும் இவ்விரு நோய்களும் வெவ்வேறு வைரஸ்களால் வருகின்றன; ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது.

பள்ளிக்குள் பன்றி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த மூன்று நோய்களே போதும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்துபோகும் இடம், சுற்றிலும் வயல், சத்துணவில் மிஞ்சிய சோற்றை அப்படியே கொட்டும் சபலம், கோடை விடுமுறையில் ஆளில்லாத நிலை என்று பண்ணைப் பாதுகாப்புக்கு நேர் எதிரான எல்லாம் பள்ளியில் இருக்கின்றன. இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் வெளிநாட்டு முன்மாதிரிகளைக் காட்டுவார்கள். அவை எளிதில் தள்ளக்கூடியவை இல்லை. அமெரிக்காவில் 1928இல் தொடங்கிய எஃப்எஃப்ஏ என்ற மாணவர் வேளாண் அமைப்பிலும் அதற்கு முன்பே வந்த 4-எச் இளையோர் மன்றங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பன்றியை வாங்கி வளர்த்து, வரவு செலவு எழுதி, மாவட்டக் கண்காட்சியில் ஏலம் விடுகிறார்கள். அங்கே பன்றி பெரும்பாலும் பிள்ளையின் வீட்டுப் பண்ணையில் நிற்கிறது. பள்ளி கணக்கேட்டைத்தான் திருத்துகிறது. நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கேடு.

ஜப்பானில் நடந்தது வேறு மாதிரி. 1990இல் ஒசாகா மாநிலத்தில் குரோதா யசுஃபூமி என்ற இளம் ஆசிரியர் தன் தொடக்கப் பள்ளி வகுப்பில் ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டுவந்தார். வளர்த்துத் தின்போம் என்பது தொடக்கத் திட்டம். 32 பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து ஏறத்தாழ 900 நாள் வளர்த்தார்கள். பள்ளி முடித்து வெளியேறும் காலத்தில் அதை என்ன செய்வது என்ற கேள்வி வகுப்பை இரண்டாகப் பிளந்தது; கடைசியில் பன்றி இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. 2008இல் இது திரைப்படமாகவும் வந்தது. உயிரைத் தின்று வாழ்கிறோம் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் நோக்கம். அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெயர் வைத்த உயிரின் முடிவைத் தீர்மானிக்க நேர்ந்தது, அந்த வயதுக்கு மிகையான சுமை. நம் வகுப்பறையில் அதோடு சாதியும் மதமும் சேரும். பக்கத்துக் கூத்தாநல்லூர், பொதக்குடியிலிருந்து வரும் இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு இந்த விலங்கின் இறைச்சி விலக்கு, பலர் அதைத் தொடவும் தயங்குவார்கள். நோய்ச் சங்கிலியையும் கணக்கையும் கரும்பலகையில் படிப்பதில் யாருக்கும் தடை இருக்காது. பண்ணைக்குப் போவது அவரவர் வீட்டின் விருப்பம், போகாதவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது.

பண்ணையைப் பார்க்காமல் தொழில் புரியாது என்பது உண்மைதான். ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நீடாமங்கலத்துப் பிள்ளைகள் மன்னார்குடி வழியே காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கிறது. நீடாமங்கலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கியது. கிராமத்து இளைஞருக்குக் கைத்தொழிலாக வேளாண்மையைக் கற்றுத் தருவது அன்றிலிருந்தே இந்நிலையங்களின் கடமைகளில் ஒன்று. கல்லூரி, நிலையம் ஆகிய இரண்டின் துணையோடு பார்வைப் பயணம் ஏற்பாடு செய்யலாம். ஒரே நாளில் இரண்டு பன்றிப் பண்ணைக்குப் போகக் கூடாது. வீட்டில் பன்றி உள்ள பிள்ளைகள் அன்று போட்டிருந்த உடையையும் செருப்பையும் துவைத்துக் கழுவிய பிறகே தங்கள் கொட்டிலுக்குள் போக வேண்டும். வாசலில் கிருமிநாசினித் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். இந்த ஒழுங்கே அன்றைய பாடத்தின் முக்கால்பங்கு.

இன்னொரு ஆசிரியரையும் கூப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன். தலைமுறையாகப் பன்றி வளர்த்த குடும்பத்துப் பெரியவர் யாராவது ஊரில் இருப்பார். தாய்ப்பன்றி பருவத்துக்கு வந்துவிட்டதை முதுகை அழுத்தி அவர் கண்டுகொள்வார். அழுத்தினால் அசையாமல் நிற்கும். வைக்கோலை வாயால் கவ்விக் கூடு கட்டத் தொடங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும் என்று சொல்வார். கால்நடை மருத்துவ மாணவர் பாடநூலில் படிப்பது இதைத்தான். அந்தப் பெரியவருக்கு மேடையில் நாற்காலி போட்டு, மற்ற விருந்தினர்க்குத் தரும் மதிப்பூதியத்தையும் தந்து, அவர் பிள்ளை படிக்கும் வகுப்பிலேயே பேச வைக்க வேண்டும்.

இனி கணக்கு. பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பண்ணைக்காரர்கள் நினைவு வைத்துக்கொள்வார்கள். ஈற்றுக்கு 8 முதல் 12 குட்டி. ஏழெட்டு வாரத்தில் குட்டிகளைப் பால் மறக்கடித்தால் தாய் சில நாளில் மறுபடி பருவத்துக்கு வரும்; ஆண்டுக்கு இரண்டு ஈற்று. மாட்டையும் ஆட்டையும் மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெருக்கம் மலைப்பாக இருக்கும். விளம்பரக்காரர்கள் நிறுத்திக்கொள்வதும் இந்த இடத்தில்தான். பள்ளி இங்கிருந்து மேலே போக வேண்டும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 10 கிலோக் குட்டி ஒன்றை 3,000 ரூபாய்க்கு வாங்கி 90 கிலோ வரை வளர்க்கிறோம். ஒரு கிலோ எடை ஏற மூன்றரைக் கிலோ தீவனம் என்றால் 80 கிலோவுக்கு 280 கிலோ. தீவனம் கிலோ 25 ரூபாயானால் 7,000. முதலீடு 10,000 ஆயிற்று. உயிரெடை கிலோ 120 ரூபாய்க்குப் போனால் 10,800 வரும். மிச்சம் 800, இதில்தான் எட்டு மாதத்துக் கூலி, மருந்து, மின்சாரம். விலை 100க்கு இறங்கினால் 1,000 ரூபாய் கைநட்டம். பத்தில் ஒன்று வளர்ந்த நிலையில் செத்தால் மற்ற ஒன்பதின் மிச்சமும் போயிற்று. இப்போது தீவனச் செலவைக் கிலோ 20 ரூபாயாக இறக்கிப் பாருங்கள்: 5,600 ரூபாய், மிச்சம் 2,200. இந்த ஐந்து ரூபாயில்தான் தொழில் நிற்கிறது. அரிசி ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் தவிடும் குருணையும் பக்கத்திலேயே கிடைப்பது அந்த ஐந்து ரூபாய்க்கு வழி. நாகையிலிருந்து வரும் மீன்தூள், கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு என்று புரதக் கணக்கைச் சரிக்கட்டத் தெரிய வேண்டும். தவிட்டை மட்டும் கொட்டினால் கொழுப்பு ஏறும், வளர்ச்சி நிற்கும். 10ஆம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் இந்தக் கணக்கைப் பல விலைகளுக்கும் போட்டுப் பார்க்கலாம். வங்கிக் கடனுக்கு எழுதும் திட்ட அறிக்கையின் உயிரும் இவ்வளவுதான். தேசிய கால்நடை இயக்கத்தில் 100 தாய்ப்பன்றிகள் கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு மூலதனத்தில் பாதி, 30 இலட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் மானியம் மூலதனச் செலவுக்குத்தான். அந்த ஐந்து ரூபாயை அது தராது.

புயலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரையேறியபோது முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் தென்னையோடு கால்நடைகளும் மடிந்ததைப் பார்த்த பிள்ளைகள்தான் இன்று மேல்நிலை வகுப்பில் இருக்கிறார்கள். மேட்டில் கொட்டில், தாங்கும் கூரை, கழிவுநீர் வாய்க்காலில் கலக்காமல் சாண எரிவாயுக் கலனுக்குப் போகும் வழி ஆகியவை இல்லாத பண்ணை டெல்டாவில் நிலைக்காது.

வேலைகளுக்கு வருவோம். வேலை என்றால் பண்ணை வைப்பது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். இத்துறையில் மிகுந்த ஆபத்தும் மிகுந்த முதலும் கேட்பது அதுதான். 18 வயதுப் பிள்ளையை முதலில் அங்கே தள்ளுவது முறையில்லை. விலங்கைச் சுற்றி இருக்கும் அறிவுவேலைகளைக் காட்ட வேண்டும். சென்னையில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நமக்குண்டு. அதன் காட்டுப்பாக்கம் நிலையத்தில் பன்றிக்கென்று ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. யார்க்‌ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து நம் வெயிலுக்குத் தாங்கும் கேபிஎம் கோல்டு என்ற கலப்பினத்தை அங்கே உருவாக்கினார்கள். கால்நடை மருத்துவப் பட்டம் உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. 2021இல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதில் 7.5 விழுக்காடு இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. நீடாமங்கலத்து அரசுப் பள்ளி ஆசிரியர் 9ஆம் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டால், உயிரியல் பிரிவை எடுப்பதா வேண்டாமா என்று 11இல் தடுமாற வேண்டியிருக்காது.

பட்டம் எட்டாதவர்க்கும் வழிகள் உண்டு. கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளர், உதவியாளர் பணிகள், தீவன ஆலையில் தரப் பரிசோதனை, செயற்கைக் கருவூட்டல். பன்றி விந்து மாட்டினுடையதுபோல உறைநிலையைத் தாங்காது. 17 பாகை வெப்பத்தில் திரவமாகவே வைத்துச் சில நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். எனவே அந்தந்த வட்டாரத்திலேயே கைதேர்ந்தவர்கள் தேவை. இறைச்சி அறிவியல் இன்னொரு துறை. கேரள அரசின் இறைச்சிப் பொருள் நிறுவனம் கூத்தாட்டுகுளத்தில் பன்றியிறைச்சியைப் பதப்படுத்தி விற்கிறது. அந்த அளவில் இங்கே ஒன்று அமைந்தால் குளிர்பதனப் பொறியாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், ஆய்வகப் பணியாளர் எல்லாரும் வேண்டும். மருத்துவம் படிக்க விரும்புகிறவளிடமும் பன்றியைப் பற்றிப் பேசலாம். 1982இல் மனித இன்சுலின் சந்தைக்கு வருவதற்கு முன் சர்க்கரை நோயாளிகளைக் காத்ததில் பன்றிக் கணையத்துக்குப் பங்குண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இன்றும் பன்றிக் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள்.

திருவாரூர் மாவட்டத்துக்குள்ளேயே பன்றி சார்ந்த வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். சிலருக்கு மட்டும் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். குவாஹாட்டி அருகே ராணியில் 2002இல் தொடங்கிய தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பன்றி வளர்ப்பு மிகுந்த ஷில்லாங், வயநாடு பக்கங்கள் இருக்கின்றன; பிள்ளை ரயிலேற வேண்டியிருக்கும். உள்ளூரிலேயே இருக்க விரும்புகிறவர்க்கு மாடும் ஆடும் கோழியும் சேர்ந்த கால்நடைத் துறைதான் வாழ்வு தரும்; அதில் பன்றியையும் கையாளத் தெரிந்தவர், தெரியாதவரைவிட முன்னே நிற்பார்.